எஞ்சின் கிளம்பும் முன்னே

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் மார்னிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால்கூடப் போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. நீயும் நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு. அங்கே தாஸ்மானியாவில் வெயில் காலம் தொடங்கியிருக்கும். இங்கே ராத்திரி முழுக்கக் கார் எஞ்சினுக்குக் கரண்ட் கொடுத்துச் சூடு வைத்திருந்தால்தான் காலையில் கிளம்புகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ நடுநடுவே குறுக்கே கேள்வி கேட்பாய், எனக்கு வரிசை தப்பிவிடும். விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை வரிசையாகப் பார்த்தே பழகியவன் நான், நடுவிலிருந்து தொடங்கினால் எதையாவது விட்டுவிடுவேன். உன் அம்மா உனக்குப் பாதியைச் சொல்லிவிட்டாள் என்று தெரியும். அவள் சொன்ன பாதியில் நான் ஒரு முட்டாள். மீதியையும் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள்.

வாஷிங்டனில் பட்ஜெட் நிறைவேறாமல் அக்டோபர் தொடக்கத்தில் அரசாங்கத்தை மூடினார்கள் அல்லவா, அன்று காலையில் எங்கள் விமானச் சோதனை அலுவலகத்தின் அதிகாரி கிரேடி எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தான். என் தாளில் நான் அவசியமில்லாத ஊழியர் என்று இருந்தது. உன் அம்மாவுக்கு இந்தக் கருத்து கல்யாணமான நாளிலிருந்தே உண்டு, ஆனால் அவள் அதை எழுத்தில் கொடுத்ததில்லை. அலுவலகப் போனை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது, அதோடு வேலையும் செய்யக் கூடாது. ஆசைக்காகக்கூடச் செய்யக் கூடாது. கொடுக்கப் பணமில்லாத நேரத்தில் அரசாங்கம் யாரிடமும் இலவசமாக வேலை வாங்கக் கூடாது என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறது, மீறினால் தண்டனை உண்டு. ஆனால் விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிற உன் அம்மா அவசியமானவள். அவளுக்கும் சம்பளம் கிடையாது, ஆனால் அவள் வேலைக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால்தான் குற்றம். சின்ன விமானத்தில் ஆள் ஏற்றிப் பிழைக்கிற பக்கத்து வீட்டு பெர்னிஸ் கதை வேறு. அவளுடைய ஒற்றை விமானத்தின் எஞ்சின் கோடையிலேயே ஆயுள் முடிந்துபோனது, செப்டம்பரில் ஆங்கரேஜ் போய் ஒரு பழைய ஆறு இருக்கை விமானத்தை வாங்கி வந்தாள். அதை நான் சோதித்து அவளுடைய உரிமத்தில் ஏற்றினால்தான் அவள் டிக்கெட் போட்டு ஆள் ஏற்றலாம். அதுவரை காசு வாங்காமல் யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு போகலாம், சட்டம் தடுக்காது. ஆக எங்கள் தெருவில் ஒருத்தி இலவசமாக வேலை செய்தே ஆக வேண்டும், ஒருவன் இலவசமாக வேலை செய்யவே கூடாது, இன்னொருத்தி இலவசமாக மட்டும்தான் செய்யலாம். மூன்று பேரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டே மூஸ் மான் கறி சாப்பிட்டோம். கறி நன்றாக வெந்திருந்தது.

உன் அம்மா பாடுதான் பாடு. அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் ஷிஃப்டையும் இவளே சேர்த்துப் பார்த்தாள், முழங்கால் வீங்கினது அப்போதுதான். பயணிகள் பாவம் பார்த்து எதையாவது நீட்டுவார்கள், வாங்கினால் லஞ்சம் ஆகிவிடும். ஒரு பெரியவர் உறைய வைத்த முழு சால்மன் மீனைத் தட்டில் வைத்து, பைகள் ஓடுகிற சோதனைப் பெல்ட்டில் உள்ளே தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் வந்து எடுத்துக்கொள்ளாமலே நடையைக் கட்டிவிட்டார். உன் அம்மா மீனைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி விமானத்தின் வாசல்வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "மனுஷன் எனக்குச் சாப்பாடு கொடுக்க நெனச்சார், நான் அவரைத் திருடனைப் பிடிக்கிற மாதிரி துரத்திக்கிட்டுப் போனேன்" என்று சொல்லி அன்றைக்கு அழுதாள். உன் அம்மா அழுது நீ எத்தனை தடவை பார்த்திருக்கிறாய், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வீட்டைச் சோதிக்கத் தொடங்கினேன். துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக்குழாயில் அடைப்பு இருந்தது, ரொட்டி வாட்டும் பெட்டியின் வயர் நைந்திருந்தது, மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு ஸ்க்ரூ ஆடியது. சரி செய்யும்வரை யாரும் தொட வேண்டாமே என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டி வைத்தேன். உன் அம்மா வேலை முடிந்து வந்து பார்த்தாள். "அந்த அரசாங்கமே உன்னை எதையும் பார்க்க வேண்டாம்னு சொல்லிடுச்சு வெர்னன், என் சமையலறையை மட்டும் ஏன் பார்க்கறே? வெளியில போ" என்றாள். அதனால்தான் தினமும் காலையில் காபி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பெர்னிஸின் விமானக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன்.

கொட்டகையில் நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதால் விமானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். பெர்னிஸுக்கு அது பெரிய வேடிக்கை. "அரசாங்கம் நம்ம பக்கம் திரும்பக்கூட மாட்டேங்குதே, இப்படியே மூடிக் கிடந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்பாள். எத்தனையோ வருஷமாக அவளுடைய விமானங்களைச் சோதித்து வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவள் நன்றி சொன்னதில்லை, ஒரு தடவைகூட நான் சொன்னதைச் செய்யாமல் விட்டதுமில்லை. அக்டோபர் கடைசியில் அவளுக்கு இருந்த கவலை அவள் மகள், உன் தோழி டீனா. யூகான் ஆற்றங்கரையில் அவள் இருக்கும் கிராமத்தில் ஆறு உறையத் தொடங்கிவிட்டது, படகும் ஓடாது, பனிவண்டி ஏறுகிற அளவுக்குப் பனிக்கட்டியும் கனக்கவில்லை. டீனாவுக்கு எட்டு மாதம். நம் ஊர் வழக்கப்படி பிரசவத்துக்கு முன்கூட்டியே அவளை இங்கே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும், ஆனால் வழக்கமாக வரும் விமானம் மூடுபனியால் நாலைந்து நாளாக இறங்கவேயில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வானம் திறந்தது. மத்தியானத்துக்கு மேல் மறுபடி பனி என்று சொன்னார்கள். பெர்னிஸ் தன் மகளைக் கூட்டிவரக் கிளம்பினாள், சொந்த மகள், டிக்கெட் இல்லை, சட்டப்படி எல்லாம் சரி. வாசலுக்குக் கொண்டுபோக விமானத்தைத் தள்ள ஒரு கை கொடுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரனாகத் தள்ளலாம்தானே, எழுந்து போய் வால் பக்கம் கையை வைத்தேன். உள்ளே 'டக்' என்றது.

அந்தச் சத்தத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழாதபோது வருமே, அவ்வளவுதான். மறுபடி வால் இறக்கையை மெல்ல ஏற்றி இறக்கினேன், மறுபடி 'டக்'. விமானத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அந்த வால் இறக்கைதான், அதைப் பிடித்து அசைக்கிற கம்பியில் எங்கேயோ எதுவோ தளர்ந்திருக்கிறது. பெர்னிஸிடம் சொன்னேன், வால் மூடியைக் கழற்றிப் பார், ஏதோ ஆடுகிறது என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அத்தனை ஸ்க்ரூவையும் இந்தக் குளிரில் கழற்றி மாட்டுவதற்குள் வானம் மூடிவிடும், ஆங்கரேஜில் பெயின்ட் அடித்துவிட்டு மெக்கானிக் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றாள். நான் விடவில்லை, நச்சரித்தேன். அவள் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "இதை நீ யாரா சொல்றே? பக்கத்து வீட்டுக்காரனாவா, அரசாங்கமாவா? பக்கத்து வீட்டுக்காரன்னா வாயை மூடிக்கிட்டு காபியைக் குடி, போன வருஷம் நீ என் காபி மெஷின் வயரையும்தான் குறை சொன்னே. அரசாங்கம்னா, அரசாங்கம் மூடிக் கெடக்கு." மார்னி, பக்கத்து வீட்டுக்காரனாகச் சொன்னால் அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். என் பேச்சை அவள் கேட்டதெல்லாம் அந்த அரசாங்க நாற்காலியிலிருந்து சொன்னபோதுதான். "அரசாங்கமாத்தான் சொல்றேன், இந்த விமானம் வாசலைத் தாண்டக் கூடாது, மூடியைக் கழட்டு" என்றேன். அவள் என்னைத் திட்டிய திட்டையெல்லாம் இங்கே எழுத முடியாது, உன் அம்மா இந்தக் கடிதத்தைப் படிப்பாள். திட்டிக்கொண்டே கழற்றினாள். கம்பியைப் பிடிக்கிற போல்ட்டின் நட்டு கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்னப் பின் செருகியிருக்க வேண்டும். பின் இல்லை. நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெர்னிஸ் அதை ஒரு விரலால் தொட்டாள், அது சுற்றி விழுந்து அவள் பூட்ஸ் பக்கத்தில் உருண்டது. அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை. கீழே உட்கார்ந்துகொண்டாள். டீனா அன்று வரவில்லை, நட்டை மாட்டிப் பின் செருகி, மறுநாள் வானம் மறுபடி திறந்த பிறகுதான் பெர்னிஸ் அவளைக் கூட்டிவந்தாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. நவம்பரில் அரசாங்கத்தைத் திறந்தார்கள், ஜனவரி கடைசிவரைக்கும் பணம் உண்டாம், அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குத் திரும்பின அன்று, மூடியிருந்த நாட்களில் நான் எந்த வேலையும் செய்யவில்லை என்று எல்லோரும் ஒரு வரியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நான் அப்படிப் போட முடியாது என்று, கொட்டகையில் நடந்ததைக் கீழே நாலு வரி எழுதிக் கொடுத்தேன். கிரேடி தலையில் கையை வைத்துக்கொண்டான். "வெர்னன், எல்லாரும் போட்டாச்சு. ரெண்டு பேர் வீட்டுல உட்கார்ந்து மெயிலே பார்த்தாங்க, அவங்களும் போட்டாச்சு. உங்களை யார் கேட்டா?" என்றான். தாள் கேட்டது என்றேன். அவன் நல்ல பையன், என்னை எப்படியாவது தப்ப வைக்கப் பார்த்தான். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் மூடியிருக்கும் காலத்திலும் வேலை செய்யலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறதாம். "எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு எழுதிடுங்க, முடிஞ்சுது" என்றான். ஓடவில்லையே என்றேன். "சரி, அந்தம்மா உள்ள ஏறி உட்கார்ந்திருந்தாங்களா?" என்று கேட்டான். இல்லை, நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள் என்றேன். "ஒரு காலையாவது உள்ள வெச்சிருந்தாங்களா?" என்று கெஞ்சினான். வைக்கவில்லை.

தாள் மேலிடத்துக்குப் போனது. அங்கிருந்து ஒரு வக்கீலம்மா போனில் பேசினாள், மரியாதையாகத்தான் பேசினாள். கொட்டகைக்குள் நிற்கிற விமானத்தால் யாருக்கும் உடனடி ஆபத்து இல்லை, ஆகவே நான் செய்தது சட்ட விரோதமான வேலை என்று விளக்கினாள். அப்படியென்றால் எப்போது உடனடி என்று கேட்டேன். விமானம் ஓடுபாதையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தால் உடனடி என்று சொல்ல இடமிருக்கிறது என்றாள். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். "கையை ஆட்டி நிறுத்தியிருக்கலாமே" என்றாள். பெர்னிஸ் கிளம்பும்போதெல்லாம் நான் ஜன்னலிலிருந்து கையை ஆட்டுவது வழக்கம், அவளும் பதிலுக்கு ஆட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று சொன்னேன். அதை அவள் குறித்துக்கொண்டாளா தெரியவில்லை. அடுத்த வாரம் இரண்டும் ஒன்றாக வந்தன. வேலை செய்யாத நாட்களுக்கெல்லாம் சேர்த்துச் சம்பளம் வந்தது. வேலை செய்த அந்த ஐந்து நிமிஷத்துக்கு எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையோடு விட்டிருந்தால் வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன், எனக்கு அதில் ரோஷம் ஒன்றும் இல்லை. அதோடு ஓர் உறுதிமொழியும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். இனி இதுபோல அரசாங்கம் மூடியிருக்கும் காலத்தில், ஆபத்து உடனடியானது என்று தெளிவாகும்வரை அதிகாரி என்ற முறையில் எதுவும் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விசாரணை, விசாரணை முடிவில் வேலை போகலாம். எனக்கு முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருஷமும் கொஞ்சமும் பாக்கி.

எல்லோரும் போடச் சொன்னார்கள். உன் அம்மா, "ஒரு கையெழுத்துதானே, யாரு உன்னைப் பின்னாடியே வந்து பார்க்கப் போறாங்க, போட்டுட்டு வழக்கம்போல வாயைத் திறந்துக்கோ" என்றாள். வீட்டுக் கடன், அவளுடைய முழங்கால் ஆபரேஷன், எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றும் பொய்யில்லை. நன்றிசொல்லும் நாள் விருந்துக்கு பெர்னிஸும் டீனாவும் வந்திருந்தார்கள். டீனாவுக்குப் பிறந்தது பெண், நல்ல தலைமுடி, யாரையும் பார்க்காமல் விளக்கையே பார்க்கிறது. வான்கோழியை வெட்டிக்கொண்டே பெர்னிஸ், "போட்டுத் தொலைடா, உன் இடத்துக்கு வேற எவனாவது வந்தா அவன்கூட நான் முதல்லேருந்து சண்டை போடணும்" என்றாள். எனக்காக அவள் சொன்ன நல்ல வார்த்தை இது ஒன்றுதான், அதனால் உனக்கு எழுதுகிறேன். டீனா மட்டும் பால் புட்டியைக் கழுவப் போக வேண்டும் என்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நீ பிறந்தபோது நான் உன்னைத் தூக்கப் பயந்தேன், உன் அம்மா அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். இதையும் பயந்துகொண்டேதான் வைத்திருந்தேன்.

ரொம்ப யோசித்தேன் மார்னி. ஜனவரி கடைசியில் மறுபடி மூடுவார்கள் போலத்தான் இருக்கிறது, பேப்பரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மூடினால் நான் மறுபடி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அங்கேதான் போவேன், வேறு எங்கே போவேன். அங்கே எதையாவது பார்த்தால், அது நகரும்வரை சும்மா இருப்பேன் என்று எழுதித் தர வேண்டுமாம். நகர்ந்த பிறகு சொன்னால் உள்ளே இருப்பவளுக்குக் கேட்காது. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. பொய்யாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாயைத் திறக்கலாம் என்கிறாள் உன் அம்மா, ஆனால் நான் போட்ட கையெழுத்தை நம்பித்தான் இந்த ஊரில் ஜனங்கள் விமானத்தில் ஏறுகிறார்கள், அதில் ஒன்றைப் பொய்யாகப் போடலாம் என்றால் மற்றதெல்லாம் என்ன ஆவது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இந்த வயதில் வேறு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள், உன் அம்மா இன்னும் எத்தனை வருஷம் அந்தப் பெல்ட் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்குமோ. அவளுக்கு நான் செய்கிற அநியாயம் அது, தெரிந்தேதான் செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு, இந்த உறுதியை என்னால் தர முடியாது என்று மட்டும் எழுதி உறையில் போட்டேன். உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் படித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு எழுந்து தன் பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு, காலில் பூட்ஸைப் போட முழங்கால் மடங்காமல் என்னைக் குனிந்து போட்டுவிடச் சொன்னாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்றேன். உறையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "தபாலாபீசுக்கு. நீ போனா வழியில என் முழங்காலை நெனச்சுக்கிட்டுத் திரும்பி வந்துடுவே" என்றாள். வாசலில் ஐஸ், நொண்டிக்கொண்டேதான் போனாள், கூட வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு ரசீதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எனக்கு வேலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ பணம் அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு. உன் வீட்டுப் புகை அலாரத்துக்கு பாட்டரி மாற்றினாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன், பதில் இல்லை, மாற்று. டீனாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பு, அவள் உன்னைக் கேட்டாள். நீ எந்த ஊரில் இருந்தாலும் எந்தக் குறையும் வராமல் நல்லபடி இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். மேலே எழுதியதெல்லாம் சரி என்று அம்மாவும் படித்துப் பார்த்துவிட்டாள், பெர்னிஸ் திட்டியதை மட்டும் எழுதியிருக்கலாம் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
வெர்னன் ஹாஸ்கெல்